கழுத்தில் 95 கிலோ வளையம்! - உலகை வென்ற காமா பயில்வான்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் நெருங்கினால், மகா தீபம் ஏற்றும் பெரிய கொப்பரையை மலை உச்சிக்குக் கொண்டு போவார்கள். மலையின் உயரம் 2,668 அடி. வண்டி போகாது. கழிகளில் கட்டி, ஆட்கள் தோளில் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

பாறையும் படியுமாக இருக்கும் அந்தப் பாதையில் அவர்கள் ஏறுவதைப் பார்ப்பவர்கள், கொப்பரையைத்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் கீழே, சுமப்பவர்களின் கழுத்தைப் பார்க்க வேண்டும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் சதை திரண்டு, மேடு கட்டி நிற்கும். கழி உட்காருவது அந்த மேட்டில்தான்.

இந்தச் சதைக்கு டாக்டர்கள் 'டிரப்பீசியஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சரிவகத் தசை என்கிறார்கள். மண்டையின் பின்பக்க அடியில் தொடங்குகிறது. முதுகெலும்பு வழியாக நடுமுதுகு வரை இறங்குகிறது. இரு பக்கமும் விரிந்து, காறை எலும்பையும் தோள்பட்டை எலும்பையும் பிடித்துக்கொள்கிறது. முதுகுப் பக்கமிருந்து பார்த்தால், சிறுவர்கள் விடும் காற்றாடி போல இருக்கும்.

மேல்பகுதி தோளைத் தூக்கும். நடுப்பகுதி தோளைப் பின்னுக்கு இழுக்கும். கீழ்ப்பகுதி தோளைக் கீழே இறக்கும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் பெண்ணுக்கும், நெல் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கும், சாமி தூக்குகிறவருக்கும் அன்றாடம் உழைப்பது இதுதான்.

சுமை தூக்கித் தூக்கி இந்தச் சதை தானாக வளர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அதை வளர்ப்பதற்கென்றே, 95 கிலோ எடையுள்ள வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுத்தார் ஒருவர். அந்தக் கழுத்தோடு லண்டன் மாநகரத்துக்குப் போய், வெள்ளைக்கார மல்லர்களை வரிசையாகச் சவாலுக்கு அழைத்தார்.

அவர்தான் காமா பயில்வான்!

ஆறு வயதில் அப்பா இல்லை

காமா என்பது வீட்டுப் பெயர். உண்மையான பெயர் குலாம் முகமது பக்ஷ். பிறந்தது 1878-ம் ஆண்டு. காஷ்மீரத்திலிருந்து வந்து பஞ்சாபில் குடியேறிய முஸ்லிம் குடும்பம். பாட்டன், அப்பன், மாமன் என்று எல்லோரும் குஸ்திக்காரர்கள். தந்தை முகமது அஜீஸ் பக்ஷ், ததியா சமஸ்தானத்தில் அரண்மனைப் பயில்வானாக இருந்தார். ததியா இன்று மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது.

காமாவுக்கு ஆறு வயது இருக்கும்போது தந்தை இறந்து போனார். இமாம் பக்ஷ் என்ற தம்பியும் உண்டு. பிள்ளைகளைப் பாட்டனார் வளர்த்தார். அவரும் போன பிறகு, ஈடா என்ற உறவினர் பொறுப்பேற்றார். அவரும் பயில்வான்தான். தகப்பன் ஆசைப்பட்டதை மகன் முடிக்க வேண்டும் என்பது அந்த வீட்டாரின் வைராக்கியம். பையனுக்குப் பள்ளிக்கூடம் கோதாதான். பாடம் தண்டாலும் பஸ்கியும்தான்.

தண்டால் நம் ஊரிலும் உண்டு. கையைத் தரையில் ஊன்றி, உடம்பைப் பாம்பு போல வளைத்து இறக்கி ஏற்றுவது. பஸ்கி என்பது உட்கார்ந்து எழுவது. வடக்கே இதைப் பைடக் என்பார்கள். பார்க்க எளிது. ஐம்பது எடுத்தால் தொடை நடுங்கும். நூறு எடுத்தால் மறுநாள் படி இறங்க முடியாது.

1888-ம் ஆண்டு ஜோத்பூர் மகாராஜா ஒரு பெரிய போட்டி வைத்தார். நாடெங்கும் இருந்து நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்து சேர்ந்தார்கள். யார் அதிக பஸ்கி எடுக்கிறார் என்று பார்க்கும் பந்தயம். அந்தக் கூட்டத்துக்குள் பத்து வயதுப் பையன் ஒருவனும் வந்து நின்றான்.

பந்தயம் தொடங்கியது. நேரம் போகப் போக, மலை போன்ற ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் பதினைந்து பேர் மிஞ்சினார்கள். பதினைந்தில் ஒருவன் அந்தப் பையன்! மகாராஜா பந்தயத்தை நிறுத்தச் சொல்லி, வயதைக் கருதி அவனையே வெற்றி பெற்றவனாக அறிவித்தார். பையன் அதன் பிறகு ஒரு வாரம் எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தான் என்றும் சொல்வார்கள். அதை நம்பலாம். பத்து வயதுப் பிள்ளையை இப்படிப் போட்டியில் விடலாமா என்று இன்றைக்குக் கேட்பார்கள். அன்றைக்குக் கேட்க ஆள் இல்லை.

ததியா மகாராஜா இந்தச் செய்தியைக் கேட்டார். தந்தை இருந்த இடத்தில் மகனைக் கொண்டு வந்து வைத்தார். சாப்பாடும் பயிற்சியும் அரண்மனைச் செலவு.

கழுத்தில் காறை!

காமா வளர்ந்து ஆளான பிறகு, அவருடைய அன்றாடப் பயிற்சி என்ன தெரியுமா? 5,000 பஸ்கி, 3,000 தண்டால். இதற்கு மேல், கோதாவில் நாற்பது பேருடன் ஒருவர் மாற்றி ஒருவராகக் குஸ்தி. இந்தக் கணக்கை எழுதாத ஆள் இல்லை. யாராவது பக்கத்தில் நின்று எண்ணினார்களா என்று கேட்டால் பதில் கிடைக்காது. பாதியாகவே வைத்துக்கொண்டாலும் பெரிய கணக்குத்தான்.

எண்ணிக்கையைவிட முக்கியம், அந்தப் பஸ்கியை அவர் எடுத்த விதம்.

கல்லில் செய்த பெரிய வளையம் ஒன்று. நடுவில் தலை நுழையும் ஓட்டை. அதைத் தலை வழியாகப் போட்டால் கழுத்தைச் சுற்றித் தோளில் உட்காரும். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பார். அந்த வளையத்துக்கு வடக்கே 'ஹஸ்லி' என்று பெயர். ஹஸ்லி என்றால் பெண்கள் கழுத்தில் போடும் கெட்டியான வளைய நகை. நம் ஊரில் அதைத்தான் காறை என்பார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. கழுத்தடியில் இருக்கும் எலும்பையும் இந்திக்காரர்கள் அதே நகையின் பெயரால்தான் சொல்கிறார்கள். நாமும் காறை எலும்பு என்கிறோம். நகை உட்காரும் இடம் எலும்பின் பெயராகிவிட்டது. பயில்வான் அங்கே தங்கக் காறைக்குப் பதிலாகக் கல் காறை போட்டுக்கொண்டார்.

காமா உபயோகித்த வளையம் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தின் காட்சிச்சாலையில் இருக்கிறது. எடை 95 கிலோ. ஏறக்குறைய இரண்டு சிமெண்டு மூட்டை!

அந்த வளையம் கழுத்தில் இருக்கும்போது பெரிய வேலை தொடைக்குத்தான் என்று தோன்றும். ஆனால் தோள் தொங்கிப் போனால் கல் முன்னால் சரியும், முதுகு வளையும், ஆள் குப்புற விழுவார். ஆகவே ஒவ்வொரு தடவை எழும்போதும் தோளைத் தூக்கி, பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிப்பது நாம் முன்னே சொன்ன காற்றாடிச் சதை. கால் ஏறி இறங்குகிறது. கழுத்துச் சதை இடைவிடாமல் இறுகியே இருக்கிறது. ஒரே பயிற்சியில் இரண்டு பலன்.

வளையம் ஒன்றுதான் காரணம் என்றும் சொல்லக் கூடாது. பயில்வான்கள் சுற்றும் கதை ஒன்று உண்டு. அனுமார் கையில் இருப்பது போன்றது. நீண்ட கம்பின் நுனியில் கல் உருண்டை. அதைத் தோளுக்கு மேல் தூக்கி, முதுகுப் பக்கம் விட்டு, ஊஞ்சல் போல ஆட்டி மறு தோளுக்குக் கொண்டு வருவார்கள். தமிழ்நாட்டுக் கர்லாக்கட்டையும் இதே இனம். கட்டை முதுகுக்குப் பின்னால் தொங்கும்போது தோள்பட்டை எலும்பு கழன்று போகாமல் கட்டிப் பிடிப்பதும் அந்தச் சதைதான்.

பிறகு கோதா மண். பயில்வான்கள் குஸ்திக்கு முன்னால் கனத்த மண்வெட்டியால் தாங்களே மண்ணைக் கொத்திப் புரட்டுவார்கள். மண் மெத்தென்று ஆகும். முதுகும் தோளும் உரமாகும். கூலி கொடுத்து ஆள் வைத்துக் கொத்தினால் பாதிப் பயிற்சி போயிற்று என்பது அவர்கள் கணக்கு.

குஸ்தியிலேயே கழுத்துக்குத்தான் முதல் சோதனை. எதிராளி ஒரு கையைப் பிடரியில் போட்டு இழுப்பார். கழுத்து வளைந்தால் தலை தாழும். தலை தாழ்ந்தால் ஆள் கீழே. நாற்பது பேர் நாள்தோறும் பிடரியைப் பிடித்து இழுத்தால் கழுத்து எப்படி இருக்கும்? காமாவின் படங்களைப் பார்த்தால் தெரியும். காதுக்குக் கீழே தொடங்கும் சதை, கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாதது போல, நேராகத் தோளில் போய் முடிகிறது.

பாலும் பாதாமும்

இவ்வளவு உழைத்தால் வயிறு சும்மா இருக்குமா? நாள் ஒன்றுக்குப் பத்து லிட்டர் பால், நெய், அரைத்த பாதாம் பருப்பு, பழச்சாறு, கோழி, ஆட்டிறைச்சி என்று பட்டியல் சொல்வார்கள். பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். பாலும் பாதாமும் நெய்யும் மட்டும் எல்லாப் பட்டியலிலும் உண்டு.

இதை ஒரு குடும்பஸ்தன் தன் வருமானத்தில் சாப்பிட முடியாது. சமஸ்தானத்து மன்னர்கள் பசுவும் எருமையும் கட்டிக் கொடுத்ததால் நடந்தது. யானை கட்டுவது போல, பயில்வான் வைத்திருப்பதும் அரசர்களுக்கு ஒரு கௌரவம். மன்னர்கள் இருக்கும் வரை கவலை இல்லை. அவர்கள் போய்விட்டால்? அந்தக் கேள்வி அன்று காமாவுக்குத் தோன்றியிருக்காது.

1902-ம் ஆண்டு பரோடாவில் அவர் 1,200 கிலோ எடையுள்ள கல்லைத் தூக்கினார் என்று ஒரு கதை உண்டு. கல் இன்றும் பரோடா காட்சிச்சாலையில் இருக்கிறது. கல்லின் மேல் விவரமும் பொறித்திருக்கிறது. ஆனால் 1,200 கிலோ என்பது ஒரு சின்னக் காரின் எடை. மனிதன் அதைத் தரையிலிருந்து முழுதாகத் தூக்கி நடப்பது நடக்கிற காரியம் அல்ல. ஒரு பக்கமாக நெம்பி அசைத்திருக்கலாம். அதுவே பெரிய காரியம். காமாவின் புகழுக்கு இந்தக் கல் தேவையும் இல்லை.

ஏழு அடி எதிரி

அந்தக் காலத்தில் இந்தியாவின் பெரிய பயில்வான், குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. உயரம் ஏறக்குறைய ஏழு அடி. காமாவின் உயரமோ ஐந்து அடி ஏழு அங்குலம்தான்.

1895-ம் ஆண்டு, பதினேழு வயதுக் காமா அவரோடு மோதினார். பையன் சில நிமிஷத்தில் மண்ணைக் கவ்வுவான் என்று நினைத்தார்கள். மணிக்கணக்கில் போராட்டம் நடந்தது. முடிவில் சமம் என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து காமாவின் பெயர் நாடெங்கும் பரவியது. அதற்குப் பிறகு மற்றப் பெரிய பயில்வான்கள் ஒவ்வொருவராகத் தோற்றார்கள். ரஹீம் ஒருவர்தான் பாக்கி.

லண்டனில் சவால்

1910-ம் ஆண்டு. இந்தியா வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. இந்தியர்கள் பலமில்லாதவர்கள், சண்டைக்கு லாயக்கற்றவர்கள் என்று ஆளுகிறவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். வங்காளத்துச் செல்வர் சரத் குமார் மித்ரா பணம் போட, காமாவும் தம்பி இமாம் பக்ஷும் வேறு சில பயில்வான்களும் கப்பல் ஏறி லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

போன இடத்தில் அவமானம். அங்கே நடந்த பெரிய போட்டியில் காமாவைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். உயரம் போதாதாம்!

கப்பல் ஏறி இத்தனை தூரம் வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஒரு சவால் விட்டார். எந்த எடையுள்ள மல்லராக இருந்தாலும் சரி, மூன்று பேரை அரை மணி நேரத்துக்குள் கீழே தள்ளுவதாகச் சொன்னார். லண்டன்காரர்கள் இது வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்தார்கள். ஒருவரும் முன்வரவில்லை. அடுத்து, அன்றைய பெரிய புள்ளிகளான ஸ்பிஷ்கோவையும் பிராங்க் காட்ச்சையும் பெயர் சொல்லி அழைத்தார்.

முதலில் வந்தவர் அமெரிக்கர் பெஞ்சமின் ரோலர். தொழிலில் டாக்டர். முதல் தடவை 1 நிமிஷம் 40 விநாடியில் காமா அவரைக் கீழே போட்டு அழுத்தினார். இரண்டாவது தடவை 9 நிமிஷம் 10 விநாடி. லண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது. மூடிய கதவு திறந்தது. தம்பி இமாம் பக்ஷும் சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்து மல்லர் ஜான் லெம் என்பவரை அவர் தோற்கடித்தார்.

செப்டம்பர் 10-ந் தேதி, ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானம். எதிரில் நின்றவர் போலந்து நாட்டு ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ. காமாவைவிட எடை அதிகம், அனுபவம் மிகுந்தவர். பரிசு 250 பவுன். கூடவே உலக வீரனுக்கு உரிய 'ஜான் புல்' அரைக்கச்சை.

சண்டை தொடங்கி ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஸ்பிஷ்கோ கீழே போய்விட்டார். ஆனால் குஸ்தியில் கீழே விழுந்தால் தோல்வி அல்ல. இரண்டு தோள்பட்டையும் தரையில் படவேண்டும். ஸ்பிஷ்கோ அதைத் தெரிந்துகொண்டு, குப்புறப் படுத்துத் தரையோடு ஒட்டிக்கொண்டார். காமா புரட்டுகிறார், அவர் அசையவில்லை. இழுக்கிறார், எழுந்திருக்கவில்லை. ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை மணி நேரத்துக்கு மேலும் இப்படியே போயிற்று! பார்க்க வந்தவர்களுக்கு அலுத்துவிட்டது. இருட்டும் வந்தது. சமம் என்று சொல்லி நிறுத்தினார்கள்.

மறுபடியும் மோத நாள் குறித்தார்கள்: செப்டம்பர் 17. காமா வந்து நின்றார். ஸ்பிஷ்கோ வரவில்லை!

வராதவர் தோற்றவர் ஆனார். பரிசும் அரைக்கச்சையும் காமாவுக்குக் கிடைத்தன. உலக வீரர் என்ற பட்டத்தோடு அவர் ஊர் திரும்பினார். பிராங்க் காட்ச் கடைசி வரை வரவே இல்லை.

அடிமை நாட்டில் இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். துப்பாக்கியும் சட்டமும் வெள்ளைக்காரன் கையில். கோதாவில் மட்டும் துப்பாக்கி கிடையாது.

நாடு திரும்பிய காமா, அலகாபாத்தில் ரஹீம் சுல்தானிவாலாவோடு மறுபடி மோதினார். நீண்ட நேரப் போராட்டத்துக்குப் பிறகு, இந்தத் தடவை காமாவுக்கே வெற்றி. 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்', அதாவது இந்தியாவின் மாவீரர் என்ற பட்டம் கிடைத்தது. தமக்கு மிகவும் சிரமம் கொடுத்தவர் யார் என்று கேட்டால், காமா இந்த ரஹீமின் பெயரைத்தான் சொல்லி வந்தாராம்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு

லண்டனில் வராமல் போன ஸ்பிஷ்கோவை எல்லோரும் மறந்திருக்கலாம். காமா மறக்கவில்லை. ஸ்பிஷ்கோவும் மறக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவர் பின்னாளில் அமெரிக்காவில் இரண்டு தடவை உலகப் பட்டம் பெற்றவர். அப்படிப்பட்டவர் 1928-ம் ஆண்டு ஜனவரி மாதம் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தார். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் ஏற்பாடு செய்தார். பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள்.

காமாவுக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. ஸ்பிஷ்கோவுக்கும் ஏறக்குறைய அதே வயது. இருவரும் கைகுலுக்கினார்கள். இரண்டரை மணி நேரச் சண்டையின் மிச்சத்தைப் பார்க்க ஜனங்கள் வசதியாக உட்காரப் பார்த்தார்கள்.

உட்காருவதற்குள் முடிந்துவிட்டது!

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்பிஷ்கோவின் இரண்டு தோள்பட்டையும் தரையில் இருந்தன. இந்தத் தடவை கோதா மண். இடம் பழகாதது ஸ்பிஷ்கோவுக்குப் பாதகம் என்று சிலர் சொன்னார்கள். லண்டன் தரை காமாவுக்குப் பழகியதா என்ன?

அடுத்த ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சன் என்பவர் வந்தார். அதுவும் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்தது. அதற்குப் பிறகு பெயர் சொல்லும்படியான எதிரி யாரும் வரவில்லை.

வீட்டில் பழக விரும்பினால்

காமாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, கல் வளையம் எங்கே கிடைக்கும் என்று இளைஞர்கள் தேடக் கூடாது. ஆறு வயதில் தொடங்கி, ஆண்டுக் கணக்கில் படிப்படியாக ஏறியவர் அவர். திடீரென்று கழுத்தில் பாரம் ஏற்றினால் சதை வளராது. கழுத்து எலும்புக்குத்தான் கேடு.

இன்றைய உடற்பயிற்சிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்கும் வழி எளிது. பாரத்தைக் கழுத்தில் வைக்காமல் கையில் பிடிக்க வேண்டும். இரும்பு குண்டு இல்லாவிட்டால் பாதி தண்ணீர் ஊற்றிய இரண்டு வாளி போதும். நிமிர்ந்து நின்று, கையை மடக்காமல், தோளை மட்டும் காதை நோக்கி நேராகத் தூக்க வேண்டும். மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம் நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். தோளை வட்டமாகச் சுழற்ற வேண்டாம். தலையை முன்னால் நீட்ட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு தடவை செய்து, சற்று ஓய்வெடுத்து, இன்னும் இரண்டு சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். சதை வளருவது தூக்கும்போது அல்ல, ஓய்வின்போதுதான். வாளி லேசாகத் தோன்றிய பிறகு தண்ணீரைக் கூட்டலாம்.

அதே வாளிகளோடு நிமிர்ந்து நடப்பதும் நல்ல பயிற்சி. தரையில் இருக்கும் பாரத்தை முதுகு வளையாமல் இடுப்பை மடித்து எடுப்பதும் இந்தச் சதைக்கு உரம் போடும். இவை மேல்பகுதிக்கு. நடுப்பகுதிக்கு, கயிற்றையோ ரப்பர் பட்டையையோ எதிரே கட்டி, முழங்கை பின்னால் போகும்படி இழுக்க வேண்டும். பலர் மேல்பகுதியை மட்டும் வளர்த்துவிட்டு, நடுப்பகுதியை மறந்து, தோள் முன்னால் விழுந்து கூன் போட்டு நடக்கிறார்கள். கழுத்து வலியோ, கை மரமரப்போ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போவதுதான் சரி.

மன்னர் போனார், மானியம் போயிற்று

1947-ம் ஆண்டு தேசம் இரண்டாகப் பிரிந்தது. காமா அப்போது லாகூரில் மோனி ரோட்டில் இருந்தார். அந்தப் பகுதியில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. ஊர் முழுவதும் வெட்டும் கொள்ளையும் நடந்துகொண்டிருந்தது. ஒரு கும்பல் அந்தத் தெருவுக்கும் வந்தது. காமாவும் அவருடைய சீடர்களும் குறுக்கே நின்றார்கள். தலைமை தாங்கி வந்தவனுக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது என்றும், கூட்டம் கலைந்தது என்றும் சொல்கிறார்கள். அந்தக் குடும்பங்களை அவர் எல்லை வரை பத்திரமாக அனுப்பிவைத்தார். வழிச் செலவும் சாப்பாட்டுச் சாமானும் அவர் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 69. லண்டனில் ஜெயித்ததைவிட இதுவே பெரிய வெற்றி என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் நினைப்பதில் தவறு இல்லை.

ஆனால் அதே பிரிவினை அவரையும் அடித்தது. பாட்டியாலா எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. மகாராஜா கொடுத்த நிலமும் மானியமும் போயின. சமஸ்தானங்களும் மறைந்தன. பால் ஏது, பாதாம் ஏது?

வீட்டிலும் துக்கம். காமாவுக்கு ஐந்து ஆண்களும் நான்கு பெண்களும் பிறந்தார்கள். ஆண் பிள்ளைகள் ஒருவரும் தங்கவில்லை. கடைசி மகன் ஜலாலுதீன் 1945-ம் ஆண்டு, பதின்மூன்று வயதில் இறந்தான். தகப்பன் ஆறு வயதில் தம்மிடம் விட்டுப் போன கலையை, தம் மகனுக்குக் கொடுக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. தம்பி மக்களைத் தம் மக்களாக எண்ணிப் பழக்கினார். இமாம் பக்ஷின் மகன் போலு, பின்னாளில் பாகிஸ்தானின் முதல்தர மல்லராகப் பெயரெடுத்தார்.

வயோதிகத்தில் இருதய நோயும் ஆஸ்துமாவும் சேர்ந்து வந்தன. மருந்துக்குப் பணம் தட்டுப்பட்டது. நாற்பது பேரை ஒரே நாளில் புரட்டியவர், மூச்சுக்காகப் போராடினார். செய்தி எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தது. தொழிலதிபர் ஜி. டி. பிர்லா 2,000 ரூபாய் அனுப்பினார். மாதம் 300 ரூபாய் உதவித் தொகையும் ஏற்பாடு செய்தார். பாகிஸ்தான் அரசாங்கமும் உதவியது.

1960-ம் ஆண்டு மே 23-ந் தேதி, லாகூரில் காமா காலமானார். வயது 82. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட குஸ்தி வாழ்க்கையில் அவர் தோற்றதாகக் கணக்கு இல்லை.

ஹாங்காங் படங்களில் சண்டை போட்டு உலகப் புகழ் பெற்ற புரூஸ் லீ, காமாவின் தண்டாலைப் படித்துத் தெரிந்துகொண்டு தம்முடைய பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். காமாவின் மகள் வயிற்றுப் பேத்தி குல்சூம், பாகிஸ்தான் பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீப்பின் மனைவி. அவர் 2018-ம் ஆண்டு மறைந்தார்.

பாட்டியாலா காட்சிச்சாலைக்குப் போகிறவர்கள் அந்தக் கல் வளையத்தைப் பார்க்கலாம்.